இரண்டு ஃப்ரெட் தூரம்

என் சகலையின் கீபோர்டில் இடது ஓரமாக ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. சுரத்தை அமுக்கிக்கொண்டு அந்தச் சக்கரத்தை மேலே உருட்டினால் போதும், சுரம் அப்படியே வழுக்கிக்கொண்டு மேலே போய் அடுத்த சுரத்தில் உட்கார்ந்துவிடும். விரல் வலிக்காது, வியர்க்காது, ஒரு நாளும் தப்பாது. அந்தச் சக்கரத்தின் மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

ஏனென்றால் அதே வேலையை நான் கிடாரில் செய்ய வேண்டியிருந்தது. எலக்ட்ரிக் கிடாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகக் கம்பி பதித்திருக்கும், ஃப்ரெட் என்பார்கள். ஒரு ஃப்ரெட்டில் தந்தியை அமுக்கிப் பிடித்தபடியே பக்கவாட்டில் தள்ளினால் தந்தி இறுகும், சுரம் மேலே ஏறும். இரண்டு ஃப்ரெட் தள்ளி இருக்கிற சுரம் எதுவோ, அதை இருந்த இடத்திலிருந்தே வளைத்து எட்ட வேண்டும். சொல்வதற்கு இரண்டே வரிதான். அதற்குள் என் விரல் நுனி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக அடுக்குமாடிகளின் உச்சியில் மோட்டார் அறையிலும், அடியில் குழியிலுமாக மாறி மாறிக் குடித்தனம் செய்பவன். கிடாரும் எனக்கு லிஃப்டில்தான் கிடைத்தது. வீடு காலி செய்துகொண்டு போன யாரோ அதை லிஃப்டுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று மாதம் வாட்ச்மேன் அறையில் கிடந்தது, யாரும் கேட்டு வரவில்லை. "தெனம் இதுல முட்டிக்கிறேன், நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க" என்று அவர் அதை என் தலையில் கட்டினார். பதினைந்து வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி பாடுவாள், நான் பின்னால் நாலைந்து தந்தியை ஒன்றாகச் சேர்த்து ஜங்கு ஜங்கென்று கார்டு அடிப்பேன். அதற்கு மேல் எனக்கும் ஆசை இருந்ததில்லை, கிடாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

போன வருஷம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்த அன்று நான் மோட்டார் அறையில் உட்கார்ந்து தனியாக அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பேச்சு திரும்ப வந்தது, பாட்டும் வந்தது. ஆனால் குரலின் மேல்பக்கம் மட்டும் வரவில்லை. அவள் அதையும் கேலியாகத்தான் சொன்னாள்.

"மூணு மாடி வரைக்கும் போகுது. நாலாவது மாடில நிக்க மாட்டேங்குது. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டு எனக்கு என்ன பிரயோஜனம்?"

சிரித்தோம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்க வேண்டும் என்றாள். அதற்கு அடுத்த வாரம் தலைவலி. பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். நான் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து, பாட்டே இல்லாத பாட்டுக்குக் கார்டு அடித்துக்கொண்டிருந்தேன். அதைப் போல ஒரு அசட்டு வேலை உலகத்தில் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் அவளுடைய அக்காவின் கல்யாண நாள் வந்தது, இருபத்தைந்தாவது. சொந்தக்காரர்கள் அறுபது பேரைக் கூப்பிட்டு ஒரு சின்ன ஹாலில் மாலை விருந்து. "என் கல்யாணத்துல நீ பாடினியே, அந்தப் பாட்டைப் பாடணும்" என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள்.

அந்தப் பாட்டைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். வார்த்தை, மெட்டு இரண்டுமே என் மனைவி போட்டது, அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. அக்காவின் கல்யாணத்தன்று மண்டபத்து லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. சரிசெய்ய அனுப்பப்பட்டவன் நான். லிஃப்ட் கூண்டின் தலைமேல், இருட்டில், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே எங்கிருந்தோ பாட்டு கேட்டது. பாட்டின் நடுவில் ஓர் இடம். குரல் ஒரு சுரத்தில் நின்று, போகவா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கி, அங்கிருந்து மெல்ல மெல்ல இழுபட்டு மேல் சுரத்தில் போய்ச் சேர்ந்தது. என் வாய் தானாகத் திறந்து டார்ச் குழிக்குள் விழுந்துவிட்டது.

கையெல்லாம் கிரீஸோடு படியேறிப் போய் மண்டப வாசலில் நின்றேன். பாடி முடித்தவள் என் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு நேரே வந்து, "லிஃப்ட் சரியாயிடுச்சா?" என்றாள். "இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றேன். அரைமணி நேர வேலை அது. கல்யாணம் முடிந்த மறுநாளும் அவர்கள் கணக்கு முடிக்க வருவார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று நாள் அந்த லிஃப்டைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன்.

ஆக, அந்த ஒரு இழுப்புக்காகத்தான் நான் இந்தக் குடும்பத்தில் மாட்டிக்கொண்டேன். இப்போது பாட்டில் அந்த இடத்துக்குத்தான் குரல் போகவில்லை.

"அதுக்கு ஏன் கவலைப்படறே? நீ கீழ வரைக்கும் பாடு. அந்த இடத்தை நான் கீபோர்டுல கொண்டுபோயிடறேன்" என்றார் சகலை. அவர் பல்செட் செய்பவர். கீபோர்டையும் பல்வரிசை போலத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். அவருடைய கல்யாண நாளுக்கு அவரே கச்சேரி வாசிக்கிறேன் என்று நிற்கிறாரே என்று யாரும் கேட்கவில்லை. அங்கேயே சக்கரத்தை உருட்டிக் காட்டினார். சுரம் கச்சிதமாகப் போய் நின்றது. அக்கா கைதட்டினாள். என் மனைவியும் தலையாட்டினாள்.

அக்கா வீட்டிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "சரியாத்தான் இருந்துச்சு. தப்பே சொல்ல முடியாது. ஆனா நான் அங்க போகும்போது மூச்சுப் பிடிச்சு, கஷ்டப்பட்டு ஏறிப் போவேன். அதுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. என்னைக் கீழ விட்டுட்டு அதுபாட்டுக்குப் போயிடுச்சு."

"நான் கிடார்ல வாசிக்கிறேன்" என்று என் வாய் சொன்னது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, மூணு வாரம் இருக்கு" என்றாள். "ஆனா ஒண்ணு. வந்துடுச்சுன்னு நான் சொல்லணும். மனசு நோகுமேன்னு எல்லாம் சொல்ல மாட்டேன். நான் டோக்கன் கூப்பிடறவ. இதுவரைக்கும் நம்பர் மாத்திச் சொன்னதில்ல."

உண்மைதான். ஆஸ்பத்திரியில் மைக் முன்னால் உட்கார்ந்து டோக்கன் கூப்பிடுவது அவள் வேலை. அமைச்சரே வந்தாலும் வரிசைப்படிதான் உள்ளே விடுவாள்.

மறுநாளே கிடார் கடைக்குப் போனேன். கடையை நடத்துகிற அம்மா, கல்லாவில் உட்கார்ந்தபடியே நான் வளைப்பதைப் பார்த்துவிட்டு, "ஒத்தை விரலால என்னத்தைத் தள்றீங்க, கதவையா?" என்றார். மோதிர விரல் தந்தியைப் பிடிக்க, பின்னாலேயே மற்ற இரண்டு விரல்களும் அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டுமாம். கட்டை விரல் கழுத்தின் மேல் விளிம்பை இறுகப் பற்ற வேண்டுமாம். "தள்றது விரல் இல்ல, மணிக்கட்டு. ஸ்பேனரைத் திருப்பறீங்கள்ல, அதே மாதிரி. போய்ச் சேர வேண்டிய சுரத்தை முதல்ல அந்த ஃப்ரெட்லயே வாசிச்சுக் காதுல வாங்கிக்கங்க. எங்க போறோம்னு தெரியாம கிளம்பக் கூடாது." அவ்வளவுதான் பாடம். புதுத் தந்திகள் நான்கு செட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஸ்பேனர் என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. இரண்டே நாளில் மணிக்கட்டு பழகிவிட்டது. பக்கத்துத் தந்திகள் வளைப்பில் மாட்டிக்கொண்டு கத்தியதைக்கூட வலது உள்ளங்கையால் அமுக்கி அடக்கிவிட்டேன். ஆனால் சுரம் மட்டும் போய்ச் சேரவில்லை. கிட்டே போகும், ஒரு மயிரிழையில் நின்றுவிடும்.

"வரல" என்பாள் அடுக்களையிலிருந்து.

மறுபடி வளைப்பேன். "வரல" என்று குளியலறையிலிருந்து கேட்கும். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, போனைக் கிடார் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டினேன். "வரல. டோக்கன் அறுபத்தெட்டு, மூணாம் ரூமுக்குப் போங்க" என்றாள் ஒரே மூச்சில். அடுத்த வீட்டுக்காரர் படியில் பார்த்தபோது குசலம் விசாரிப்பதுபோல, "இன்னும் வரல போலிருக்கே?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

இரண்டாவது வாரக் கடைசியில், காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் கையையே பார்த்தாள்.

"ஏறும்போது நல்லாத்தான் ஏறுறீங்க. சேரப்போற நேரத்துல கை தானா தளர்ந்துடுது. யாரோ பின்னாலேர்ந்து கூப்பிட்ட மாதிரி. யாருங்க கூப்பிடறது?"

யார் கூப்பிட்டது என்று எனக்கு மறுநாள் வேலையில்தான் தெரிந்தது. லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகளை நாங்கள் ரோப் என்போம். மாதம் ஒருமுறை அவற்றைக் கையால் அழுத்தி இறுக்கம் பார்ப்போம். அன்று ஒரு ரோப்பை அழுத்தியபோது எங்கோ கிரீச்சென்று ஒரு சத்தம். நான் யோசிக்கவே இல்லை. என் கை அதுவாகவே பின்னால் வந்துவிட்டது. சத்தம் வந்தால் கையை எடு, லிஃப்டை நிறுத்து, அப்புறம் யோசி. எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம் அது. இருபத்தாறு வருஷமாக என் பத்து விரலும் அப்படியேதான் இருக்கிறது.

கிடார் தந்தி இறுகும்போது, சுரம் சேர்வதற்குச் சற்று முன்னால், அதுவும் லேசாக முனகும். கையைப் பின்னால் இழுத்தது அந்த முனகல்தான். காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? அடுத்த ஐந்து நாளும் தந்தி முனகியது, கை தளர்ந்தது, அடுக்களையிலிருந்து "வரல" வந்தது.

விருந்து ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையே அவள் அக்காவுக்கு ஒத்தாசையாக அங்கே கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "பரவால்லங்க. அந்த இடத்தைச் சகலையே வாசிக்கட்டும். நீங்க எப்பவும் போல கார்டு அடிங்க. அதுவே எனக்குத் தெம்பு" என்றாள். குரலில் கேலியே இல்லை. அவள் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு அன்பாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமையில் அவள் பாடவே போவதில்லை என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை, கிடாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்வி வந்தது. ரோப் அறுந்துவிடும் என்று பயந்தா நான் தினம் லிஃப்டின் தலைமேல் ஏறி நிற்கிறேன்? இல்லையே. அது எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். சுமக்க வேண்டியதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இழுத்தால்தான் அறும் என்று சோதித்து எழுதிக் கொடுத்திருப்பார்கள். புது லிஃப்ட் என்றால் அளவுக்கு மேல் எடை ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் நாங்களும் சாவியைக் கொடுக்க மாட்டோம். இந்தத் தந்திக்கு அப்படி யார் சோதித்துச் சொன்னார்கள்? யாரும் இல்லை. அப்படியானால் அறுத்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.

தந்தி அறுந்து முகத்தில் அடித்தால்? வேலைப் பையிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். ஹெல்மெட்டும் மாட்டினேன். புதுத் தந்தியைக் கட்டிச் சுருதி சேர்த்து, சுரம் காட்டும் போனை எதிரே நிறுத்தி, வளைக்க ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சகலை உள்ளே வந்தார், எங்கள் ஸ்பீக்கரை எடுத்துப் போக. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சகல, கிடார் வாசிக்கிறீங்களா, வெல்டிங் பண்றீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். மனிதர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "பல்செட்டையும் நாங்க கடிச்சு உடைச்சுப் பார்த்துட்டுத்தான் தருவோம்" என்றார். "ம், வளைங்க. போனைப் பார்த்து நான் எண்ணறேன்."

வளைத்தேன். தந்தி முனகியது. கை தளரப் பார்த்தது. "விடாதீங்க சகல, அறுந்தா அறட்டும், அதுக்குத்தானே உக்காந்திருக்கோம்!" என்று கத்தினார். எனக்கும் அது உறைத்தது. இன்றைக்கு அறுவதுதான் வேலை. அறுந்தால் வெற்றி. கையைத் தளர்த்த ஒரு காரணமும் இல்லை.

"ஒண்ணு... ஒண்ணரை... ரெண்டு! ரெண்டு ஃப்ரெட் வந்துட்டுது. போங்க, போங்க. மூணு!"

நான் தேடிய சுரத்தை அப்படியே தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக எட்டாத இடம், போகிற வழியில் ஒரு ஸ்டாப் மாதிரி கடந்துபோனது. நான்கு ஃப்ரெட்டில் என் விரல்தான் கெஞ்சியது, தந்தி இல்லை.

"உங்க சக்கரம் எவ்வளவு தூரம் போகும் சகல?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"ரெண்டோட நின்னுடும்" என்றார் சகலை. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான பதிலை யாரும் சொன்னதில்லை.

விரலுக்குத் தெம்பில்லை என்றதும் அவரே என் கைமேல் தன் கையை வைத்துத் தள்ளினார். ஹெல்மெட் போட்ட ஒருவனும் போடாத ஒருவருமாக ஒரு கிடாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெட்டித் தள்ளினோம். ஐந்தை நெருங்கும்போது 'டப்' என்று அறுந்தது. இருவரும் எழுந்து நின்று கத்தினோம். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "என்ன, வந்துடுச்சா?" என்றார். "அறுந்துடுச்சு!" என்றேன் சந்தோஷமாக. அவர் ஒன்றும் புரியாமல் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

வேறு தந்தி கட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போனையும் கவிழ்த்துவிட்டு, சேர வேண்டிய சுரத்தை ஒருமுறை வாசித்துக் காதில் வாங்கிக்கொண்டு வளைத்தேன். தந்தி முனகியது. முனகட்டும், நீ ஐந்து கிட்டே வரைக்கும் தாங்குவாய் என்று எனக்குத் தெரியும். சுரம் தயங்கி, இழுபட்டு, ஏறி, சேர்ந்தது. அப்படியே நின்றது.

சகலை மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "என் கல்யாணத்தன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார் பிறகு. ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, "நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் மாலை ஹால் நிறைந்திருந்தது. மேடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு அடி உயரப் பலகை. சகலை கோட்டு போட்டுக்கொண்டு கீபோர்டின் பின்னால், நான் ஓரமாக, நடுவில் மைக் முன்னால் என் மனைவி. பாட ஆரம்பித்தாள். ஒரு வருஷம் கழித்து அவள் பாடிக் கேட்கிறேன். குரல் கனத்திருந்தது, கொஞ்சம் கரகரப்பும் சேர்ந்திருந்தது. எனக்கு அது பழைய குரலைவிடப் பிடித்தது. 

அந்த இடம் வந்தது. கீழ்ச் சுரத்தில் நின்றாள். நிறுத்திவிட்டு, பேசிவைத்தபடி சகலையைப் பார்த்தாள். சகலை இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து மேலே தூக்கிவிட்டார். தூக்கிய கையோடு, முகவாயால் என்னைக் காட்டினார்.

அவள் திரும்பினாள். அந்த முகத்தில் இருந்தது பயம். எனக்காகப் பயந்தாள். அறுபது பேர் முன்னால் நான் அசடு வழியப் போகிறேனே என்று.

வளைத்தேன். அவள் விட்ட சுரத்திலிருந்தே கிளம்பினேன். பாதி வழியில் தந்தி முனகியது. என் கை ஒரு கணம் பின்னால் வரப் பார்த்ததை நான் மறைக்க விரும்பவில்லை. ஐந்து, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மணிக்கட்டைத் திருப்பினேன். சுரம் தயங்கித் தயங்கி, மூச்சுப் பிடித்துக்கொண்டு ஏறியது. இன்னும் ஒரு மயிரிழை. அதையும் தாண்டிச் சேர்ந்தது.

"வந்துடுச்சு!"

மைக்கில் கத்தினாள். டோக்கன் கூப்பிடுகிற அதே கணீர்க் குரலில், ஹால் முழுக்க எதிரொலிக்க. மூன்று வாரம் அடுக்களையிலிருந்து பதில் சொன்ன பழக்கத்தில் அவளுக்கு மேடை என்பதே மறந்துவிட்டது. அறுபது பேரும் யாரோ முக்கியமானவர் வந்துவிட்டார் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். "யாருடி வந்தது?" என்று முதல் வரிசையிலிருந்து அக்கா எழுந்தே விட்டாள்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சகலை கீபோர்டின் மேல் கவிழ்ந்து சிரித்தார், எல்லாச் சுரமும் ஒன்றாக அலறியது. நான் மட்டும் வளைத்த தந்தியை விடவே இல்லை. அந்தச் சுரம் மெல்லியதாக நின்றுகொண்டே இருந்தது. சிரித்து முடித்தவள் அதைக் கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மெதுவாகத் தளர்த்தி அதைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தேன். கீழே வந்ததும் அவள் அங்கிருந்து எடுத்துப் பாட்டை முடித்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது கிடார் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. என் மோதிர விரல் நுனியில் தந்தி பதிந்த கோட்டை அவள் தடவிப் பார்த்தாள். வலிக்கிறதா என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை என்ன பாட்டுப் பாடலாம்?" என்று கேட்டாள்.